ஹோஃப்ராட் வீட்டு நடு நாற்காலி

வியன்னாவில் ஒட்டோகார் விஸ்கோசிலை இரண்டு கூட்டத்தாருக்குத் தெரியும். குடிநீர் வாரியத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் 'கசிவு விஸ்கோசில்'. இரும்புத் தடியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்தால், பூமிக்கு அடியில் எந்த மூட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை வைத்தே பிழைத்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். இன்னொரு கூட்டத்துக்கு அவர் ஊரிலேயே நுட்பமான சங்கீத ரசிகர். இந்த இரண்டாவது கூட்டம் கொஞ்சம் சின்னது. அவரையும் சேர்த்து நாலு பேர்.

அந்த நாலு பேரும் வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஹோஃப்ராட் எங்கெல்பர்ட் ஸ்வெட்லர் வீட்டில் கூடுவார்கள். ஹோஃப்ராட் என்றால் அரசவை ஆலோசகர். அரசவை போய் எத்தனையோ காலமாயிற்று, பட்டம் மட்டும் பென்ஷனோடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கூடி என்ன செய்வார்கள்? 'ஏழாவது' கேட்பார்கள். ஒரே சிம்பொனியை, வெவ்வேறு நடத்துநர்கள் குச்சி பிடித்த ரெக்கார்டுகளில், மாற்றி மாற்றிக் கேட்டு, யார் உசத்தி யார் மட்டம் என்று அடித்துக்கொள்வார்கள். யாருடைய ஏழாவது என்று கேட்கிற ஆளை அந்த வீட்டில் மிதியடியைத் தாண்ட விடமாட்டார்கள்.

மருந்துக்கடை வைத்திருந்த ஃப்ராவ், அதாவது திருமதி, பிளாங்குக்கு எல்லா நடத்துநரும் ஓட்டமாக ஓடுகிறவர்கள். யார் நடத்தினாலும், "ட்ராமைப் பிடிக்கிற அவசரம்" என்பார். உடற்பயிற்சி வாத்தியாராக இருந்த லெஹ்னருக்கு ஒரே பெயர்தான் வரும்: "சாண்டர்." எதைப் போட்டாலும் சாண்டர் என்பார். வருஷத்தில் ஒரு நாள் நிஜமாகவே சாண்டராக இருந்துவிடும், அன்றைக்கு எல்லாரையும்விட அவர்தான் அதிகம் ஆச்சரியப்படுவார். ஹோஃப்ராட் அப்படியல்ல. படித்தவர், சுரக்குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவர், ஒவ்வொரு நடத்துநரும் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்று தெரிந்தவர்.

அப்பேர்ப்பட்ட ஹோஃப்ராட் தன் சொந்த வீட்டில் முதுகு சாய இடமில்லாத பியானோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காரணம் அவரே போட்ட விதி. அறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரு தோல் நாற்காலி, அவருடைய அப்பா காலத்தது. அங்கே உட்கார்ந்தால்தான் வாத்தியக் குழு முழுசாக முன்னால் வந்து நிற்கும். ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கத்துச் சத்தம்தான். இடது ஓரத்தில் உட்கார்ந்தே பழகிய லெஹ்னருக்கு அந்த சிம்பொனியில் வலது பக்கத்து வாத்தியமான செல்லோ உண்டா என்றே சந்தேகம். ஆகவே விதி: இலையுதிர் காலம் தொடங்கும்போது ஒரு போட்டி. ஹோஃப்ராட்டின் மனைவி க்ளோதில்டே மடக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஏதாவது ஒரு ரெக்கார்டைப் போடுவாள், அதன் மெதுவான பகுதியை மட்டும். யார் நடத்தியது என்று முதலில் கை தூக்கிச் சரியாகச் சொல்கிறவருக்கு அந்த வருஷம் நாற்காலி. ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம். விதி போடும்போது ஹோஃப்ராட்டுக்கு நாற்காலி தன்னிடமே இருக்கும் என்று நம்பிக்கை. பதினோரு வருஷமாக அதில் விஸ்கோசில் உட்கார்ந்திருந்தார்.

எப்படி என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அவர் மனைவி வால்புர்காவுக்கு. சுருக்கமாக புர்கி. விஸ்கோசில் இசையைக் கேட்டதே இல்லை. ஒழுகலைக் கேட்டார். பூடாபெஸ்ட் ஹோர்வாட்டின் ரெக்கார்டில் மூன்றாவது நிமிஷம் ஒரு நாற்காலி கிறீச்சிடும். சாண்டர் தன் குழுவோடு சேர்ந்து மூக்கால் முனகுவார். லிண்ட்ஹோல்ம் ரெக்கார்டில் யாரோ ஒரு செல்லோக்காரருக்கு ஜலதோஷம். இன்னொன்றில் அரங்கத்துக்கு வெளியே ஒரு லாரி போகும். இத்தனையும் அவர் மண்டைக்குள் குழாய் வரைபடம் மாதிரி பதிந்து கிடந்தது. கிறீச் கேட்டதும் கை தூக்குவார். பிறகு கண்ணை மூடி, "ஹோர்வாட். அந்த அகலம்... பனிமலை மேல விடியுற மாதிரி ஒரு நிதானம்..." என்று இழுப்பார். ஃப்ராவ் பிளாங்குக்குப் புல்லரிக்கும்.

புர்கி கதவோரத்தில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். புருஷன் இன்ஸ்பெக்டர் என்பதால் அவளும் ஃப்ராவ் இன்ஸ்பெக்டர், இந்த ஊரில் மோதிரம் மாற்றினால் பட்டமும் கூடவே வரும். வாராவாரம் கசகசா வைத்துச் சுருட்டிச் சுட்ட ஸ்ட்ரூடல் பலகாரம் அவள் கைவேலை. இசை ஓடும்போது அவள் வாயில் எப்போதும் ஒரு தொண்டை மிட்டாய் இருக்கும், பைக்குள் தகர டப்பா இருக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு.

எழுபதுகளில் ஒரு குளிர்கால இரவு, பெரிய அரங்கத்தில் ஆல்பின் டோர்னாவ் ஏழாவது நடத்தினார். விஸ்கோசில் நின்று கேட்கும் டிக்கெட். முன்னாலேயே போய், வழக்கப்படி கைக்குட்டையைக் கம்பியில் கட்டி இடம் பிடித்திருந்தார். பக்கத்துக் கம்பியில் ஒரு பச்சை ஸ்கார்ஃப். அதன் சொந்தக்காரி கையுறைக் கடையில் வேலை பார்க்கும் பெண். மெதுவான பகுதியில் மொத்த வாத்தியமும் மலை ஏறுகிற மாதிரி ஏறி உச்சியில் போய் முட்டி, சட்டென்று நிற்கும் இடம் ஒன்று உண்டு. அரங்கமே மூச்சைப் பிடித்திருந்த அந்த நிசப்தத்தில் பச்சை ஸ்கார்ஃப் இருமியது. இரண்டு சின்னது, ஒரு நீளம். விஸ்கோசில் முறைத்தார். முறைத்தது போதாதென்று மாடிப்படியில் துரத்திக்கொண்டு போய்த் திட்டினார்.

"எனக்கும் என் தொண்டைக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கேன்," என்றாள் அவள். "உன் மூஞ்சிக்குத் தனியா வாங்கினியா?"

அடுத்த வசந்தத்தில் கல்யாணம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அந்தக் கச்சேரி ரெக்கார்டாக வெளிவந்தது, இருமலோடு. அன்றிலிருந்து புர்கிக்குப் பிடித்தது சனி. வீட்டுக்கு வந்த சித்தப்பா, மாமி, சம்பந்தி, பாதிரியார், கொதிகலன் பழுது பார்க்க வந்தவர் என்று ஒருவரையும் விஸ்கோசில் விட்டுவைக்கவில்லை. ரெக்கார்டைப் போட்டு, விரலை உயர்த்தி, "இதோ... இதோ... இப்போ" என்பார். இருமல் கேட்கும். எல்லாரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். பாதிரியார் கைகூடத் தட்டினார். அதன்பிறகு இசை ஓடும் இடத்தில் அவள் இருமியதே கிடையாது. ஹோஃப்ராட் வீடு ஒன்றுதான் அந்த இருமல் தன்னுடையது என்று யாருக்கும் தெரியாத வீடு, அதனால் அவளுக்கு அந்தக் கதவோரம் பிடித்திருந்தது. சொன்னால் தன் வித்தை வெளிப்பட்டுவிடும் என்று விஸ்கோசிலும் அங்கே வாய் திறக்கவில்லை. ஹோஃப்ராட்டிடமும் அந்த ரெக்கார்ட் இருந்தது, ஆனால் அவர்கள் எல்லாம் இசையை மட்டும் கேட்கிறவர்கள்.

இந்த வருஷம் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, ஹோஃப்ராட் தன் வீட்டுக் கூட்டத்தின் நடுவில் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார்.

"எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டாங்க," என்றார். "கம்ப்யூட்டர்ல போட்டு, பழைய ரெக்கார்ட்ல இருந்த இருமல், தும்மல், நாற்காலிச் சத்தம் ஒண்ணு விடாம. இசை மட்டும்தான் மிச்சம். இந்தப் போட்டிக்கு இதுலேருந்துதான் போடப்போறோம்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் விஸ்கோசில். பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"உங்களுக்கு என்ன கவலை, ஹெர் இன்ஸ்பெக்டர். உங்க காதுக்கு இன்னும் வசதி." ஹோஃப்ராட் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியறதில்ல. நாங்க எல்லாம் இசை ஓடும்போது கண்டுபிடிக்கிறோம். நீங்க இசை நிக்கிற இடத்துல கண்டுபிடிக்கிறீங்க."

ட்ராமில் திரும்பும்போது விஸ்கோசில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். புர்கி முகத்தில்தான் விளக்கு எரிந்தது.

"டோர்னாவையும் கழுவிட்டாங்களா?"

"அதான் சொன்னாரே, எல்லாத்தையும்."

"அப்போ அதுல நான் இல்ல?"

"இல்ல."

"அப்பாடா," என்றாள். "ஒண்ணு வாங்கிடலாம் ஒட்டோ. நம்ம பழசைத் தூக்கிப் பரண்ல போடு. பேத்தி ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் வருவாங்க, அப்போ இதைப் போடு. எவனும் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டான்."

"உன்னை அதுலேருந்து எடுத்துட்டாங்கன்னு உனக்குக் கோவமே வரலையா?"

"எடுக்கட்டும். நானா போய் உக்காந்தேன் அதுல?"

விஸ்கோசிலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. போகப்போவது தன் நாற்காலி, இவளுக்கு என்ன குதூகலம். ஆனால் நாற்காலி மட்டுமா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அப்படிக் கழுவிய ரெக்கார்டுகள் மூன்றை வாங்கி வந்து, சமையலறையிலிருந்து அவளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, வரவேற்பறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊமைக் குழாய்கள். ஒரு சொட்டு ஒழுகலில்லை.

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"சாண்டர்."

"லெஹ்னர் மாதிரி பேசாதே. ஹோர்வாட்."

கிறீச் சத்தத்துக்காகவே காத்திருந்து பழகியவருக்கு, அதற்கு முன்னால் வயலின்களில் ஓர் அருமையான மெட்டு ஓடுவது இப்போதுதான் காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. அடுத்ததைப் போட்டாள். அதற்கும் கலங்கியது. மூன்றாவதற்கும்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு," என்றார் பீதியோடு. எல்லாமே நன்றாக இருக்கிறது என்கிற ஆளை அந்த நாலு பேர் கூட்டத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க இப்போது கருவிகள் வந்துவிட்டன. வாரத்தில் ஒரு நாள், அந்தத் தோல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம்தான், 'ஹெர் இன்ஸ்பெக்டர் என்ன சொல்றார்' என்று மூன்று முகம் அவர் பக்கம் திரும்பும். அதை இழக்க அவர் தயாராக இல்லை. புர்கிக்கு அது தெரியும். தெரிந்தும் கசகசா அரைக்கப் போய்விட்டாள்.

போட்டி நாளன்று ஹோஃப்ராட் புது டை கட்டியிருந்தார். க்ளோதில்டே திரைக்குப் பின்னால் போனாள். புர்கி ஸ்ட்ரூடலை மேஜையில் வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்து ஊசிகளை எடுத்தாள். இசை தொடங்கியது.

கொஞ்ச நேரத்திலேயே லெஹ்னர் கை தூக்கினார். "சாண்டர்."

"இல்ல," என்றது திரை.

"இந்த வருஷம் இன்னும் வரலையே," என்று லெஹ்னர் முணுமுணுத்தார்.

ஃப்ராவ் பிளாங்க் உதட்டைப் பிதுக்கி, "ஓடுறான் பாருங்க. லிண்ட்ஹோல்ம்," என்றார். அதுவும் இல்லை. மிச்சம் இரண்டு பேர்.

விஸ்கோசில் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்து முன்னால் சரிந்தார். காது சிவந்துவிட்டது. தெருவில் தடி ஊன்றிக் கேட்கிற அதே கூன். ஒன்றும் அகப்படவில்லை. இசை வந்தது, அழகாகத்தான் வந்தது, பெயர் மட்டும் சொல்லாமல் வந்தது. ஸ்டூலில் ஹோஃப்ராட் சுரக்குறிப்பின் பக்கத்தைப் புரட்டி மெல்லச் சிரித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே கை தூக்கியிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷம் முதுகு வலித்த மனிதர், உச்சி வரட்டும், அந்த நிசப்தத்தில் கம்பீரமாகத் தூக்கலாம் என்று ருசித்துக்கொண்டிருந்தார்.

புர்கி பின்னலை நிறுத்தினாள். இசை மலை ஏறத் தொடங்கியிருந்தது. ஏறும் விதம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷமாக இந்த ஏற்றம் தொடங்கும்போதெல்லாம் அவள் கன்னம் சூடேறியிருக்கிறது, எல்லாரும் இப்போது திரும்பிப் பார்ப்பார்களே என்று. இன்றைக்கு யாரும் பார்க்கப்போவதில்லை. அவள் கேட்ட விடுதலை இதுதான். பையிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். நாற்காலி விளிம்பில் கூனிக் கிடந்த புருஷனின் முதுகைப் பார்த்தாள். மாடிப்படியில் துரத்தி வந்து திட்டிய மனுஷனின் முதுகு. டப்பாவை மூடினாள்.

வாத்தியங்கள் உச்சியில் போய் முட்டின. நின்றன. ஹோஃப்ராட்டின் கை மடியிலிருந்து எழுந்தது.

புர்கி இருமினாள். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

எழுந்த கை பாதி வழியில் திசை மாறியது. வளர்ந்த விதம் அப்படி. இசை நடக்கும்போது யாராவது இருமினால், ஹோஃப்ராட் ஸ்வெட்லரின் விரல் தானாகவே உதட்டுக்குப் போய்விடும்.

"ஃப்ராவ் இன்ஸ்பெக்டர், தயவுசெஞ்சு—"

"டோர்னாவ்," என்றார் விஸ்கோசில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. "பெரிய அரங்கத்துல நடந்தது. நின்னு கேக்குற இடம், வலது பக்கம்."

"டோர்னாவ்தான்," என்றது திரை.

அறை ஆடிப்போயிற்று. ஃப்ராவ் பிளாங்க் கையைக் கூப்பினார். ஹோஃப்ராட்டின் விரல் இன்னும் உதட்டிலேயே இருந்தது. எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள், அகலம், பனிமலை, விடியல் என்று ஏதாவது வரும் என்று. விஸ்கோசில் கண்ணை மூடவும் செய்தார். பிறகு திறந்து, கதவுப் பக்கம் பார்த்தார். புர்கி மும்முரமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

"ஹோஃப்ராட், உங்க கை பாதி வழியில இருந்துச்சு," என்றார். "நான் பார்த்தேன்."

"விதின்னா விதி," என்றார் ஹோஃப்ராட் வறட்சியாக.

"நீங்க சொன்னது சரி. நான் இசை நிக்கிற இடத்துலதான் கேக்குறவன். இத்தனை வருஷமும் ஒழுகுற இடத்தைக் கேட்டுத்தான் சொன்னேன். கிறீச், முனகல், ஜலதோஷம். இசை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ஒரு மாசமாத்தான் கேக்குறேன். எல்லாமே நல்லாயிருக்கு."

"அப்போ பனிமலை மேல விடியுற மாதிரின்னு சொன்னீங்களே?" என்றார் ஃப்ராவ் பிளாங்க், ஏமாந்த குரலில்.

"ரெக்கார்ட் அட்டைக்குப் பின்னாடி எழுதியிருந்துச்சு."

"இதுல சத்தமே கிடையாதே," என்றார் லெஹ்னர். "இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்த இடத்துல ஒரு இருமல் இருந்துச்சு. கழுவிட்டாங்க. இவளோடது அது." நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். எழுந்தபோது தோல் பெருமூச்சு விட்டது. "உங்க எல்லார் கையையும்விட அவ தொண்டை முந்திக்கிச்சு, ஹோஃப்ராட். நாற்காலி அவளுக்குத்தான்."

"அவங்க மெம்பர் இல்லையே."

திரைக்குப் பின்னாலிருந்து க்ளோதில்டே வெளியே வந்தாள். போட்டி நடக்கும்போது அவள் அப்படி வந்ததே இல்லை. "இத்தனை வருஷமா எல்லாரும் தின்ன ஸ்ட்ரூடல் மெம்பரா? உக்காருங்க புர்கி."

"ஐயோ, எனக்கெதுக்கு," என்றாள் புர்கி. சொல்லிக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள். பாவாடையைச் சரிசெய்து, நூல் உருண்டையை மடியில் வைத்து, தோல் நாற்காலியில் உட்கார்ந்தாள். விஸ்கோசில் கதவோரச் சின்ன நாற்காலிக்குப் போனார். ஹோஃப்ராட் அந்த இரண்டு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு ஸ்டூலை ஒரு சாண் நடுப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"முதல்லேருந்து போடுங்க," என்றாள் புர்கி. "ஆனா ஒண்ணு. அந்த இடம் வரும்போது எவரும் என்னைப் பார்க்கக்கூடாது."

போட்டார்கள். நடுவிலிருந்து கேட்கும்போது எல்லா வாத்தியமும் தனித்தனியாகவும் சேர்ந்தும் வந்ததை அவள் நம்பமுடியாமல் கேட்டாள். கதவோரத்தில் விஸ்கோசிலுக்கு வயலின்கள் மட்டும்தான் எட்டின, அதுவும் பக்கத்தில் மாட்டியிருந்த கோட்டுகளின் இடுக்கு வழியாக. இசை மலை ஏறியது. எல்லாரும் சொன்னபடி தரையைப் பார்த்தார்கள். உச்சியில் முட்டி நின்றது.

வெறும் நிசப்தம். சுத்தமாக, துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அவ்வளவு பேர் மூச்சைப் பிடித்திருந்த அந்த இரவில் அவள் மட்டும் இல்லை. புர்கி நூல் உருண்டையை இறுக்கிப் பிடித்தாள், திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள்.

விஸ்கோசில் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இசை நடுவில் ஒரு மூச்சு பலமாக விட்டாலே அடுத்தவரை முறைக்கிற மனிதர், கையை வாயருகே கொண்டுபோய் இருமினார்.

ஹோஃப்ராட்டின் விரல் உதட்டுக்குப் போயிற்று.

"உனக்கு வரல ஒட்டோ," என்றாள் புர்கி நாற்காலியிலிருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். நாப்பது வருஷமா என்னத்தைத்தான் கேட்டே?"